பெரியாற்றில் துடுப்புப் போட்டபடியே வானம் பார்க்கலாம்

(காட்சி: கேரளத்தின் காலடி ஊருக்கு அருகே பெரியாறு. கயாக் என்னும் சிறு துடுப்புப் படகின் முனை, மேலே திறந்த வானம்.)

வணக்கம். முல்லைப்பெரியாறு அணையிலிருந்து தேனிப் பக்கம் திருப்பிவிடும் தண்ணீர் தெரியும் இல்லையா? அதே பெரியாறுதான் மேற்கே இறங்கி, காலடி, ஆலுவா வழியாகக் கடலுக்குப் போகிறது. கொச்சிக்கான நெடும்பாசேரி விமான நிலையமும் இங்கே பக்கத்தில்தான். அதனால் இந்த ஆற்றில் கயாக்கில் போனால் தலைக்கு மேலே விமானம், பருந்து இரண்டையும் பார்க்கலாம்.

கயாக்கில் உட்கார்ந்ததும் முதலில் காற்று எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று பாருங்கள். ஓடுதளம் கிழக்கு மேற்காக இருக்கிறது. பிற்பகலில் கடற்காற்று மேற்கிலிருந்து வீசும்போது, அதை எதிர்த்து இறங்க விமானம் கிழக்கிலிருந்து, அதாவது காலடிப் பக்கமிருந்து வரும். எதிர்காற்று இருந்தால் தரையைத் தொடும் வேகம் குறையும், ஓடுதளமும் கொஞ்சம் போதும். வழக்கமான 3 டிகிரி சரிவில் இறங்கினால், தரை தொட 5 கி.மீ. இருக்கும்போது உயரம் சுமார் 260 மீட்டர்தான். சக்கரம் வெளியே வந்திருப்பது வெறும் கண்ணுக்கே தெரியும்.

(காட்சி: தண்ணீரிலிருந்து எழும்பும் நீர்க்காகம், மெதுவான ஓட்டத்தில்.)

இந்த நீர்க்காகத்தைப் பாருங்கள். இதுவும் காற்றை எதிர்த்துத்தான் எழும்புகிறது! இரண்டு கால்களாலும் தண்ணீரை உதைத்து உதைத்து, வயிறு நனைய நனைய, ஒரு வழியாக மேலே வந்துவிட்டது. எனக்கு இதைப் பார்க்க அலுப்பதே இல்லை.

பருந்துகளுக்கு இவ்வளவு சிரமம் கிடையாது. வெயில் ஏறி நிலம் சூடானதும் வெப்பக்காற்று மேலே கிளம்பும், அதில் சிறகடிக்காமலே வட்டமிட்டு ஏறிவிடும். அதனால் விடியற்காலையில் அவற்றை வானத்தில் தேடாதீர்கள், மரத்தில் தேடுங்கள். தலை வெள்ளை, உடம்பு செங்கல் நிறம் என்றால் செம்பருந்து. குஞ்சுப் பருவத்தில் அதுவும் பழுப்பாக இருப்பதால் கரும்பருந்தோடு குழம்பும். அப்போது வாலைப் பாருங்கள்: நடுவில் பிளவு இருந்தால் கரும்பருந்து, வட்டமாக இருந்தால் செம்பருந்து.

சரி, உயரத்தில் போகும் விமானங்கள்? சத்தம் வரும் திசையில் தேடினால் கிடைக்காது. 10 கி.மீ. உயரத்திலிருந்து ஒலி நம்மிடம் வர ஏறக்குறைய அரை நிமிடம் ஆகும். அதற்குள் விமானம் பல கி.மீ. தாண்டியிருக்கும், எனவே சத்தத்துக்கு முன்னால் பாருங்கள். பின்னால் வெள்ளைக்கோடு வெகுநேரம் கலையாமல் நின்றால் மேலே காற்றில் ஈரம் அதிகம் என்று அர்த்தம்.

பைனாகுலர் 8 மடங்கு போதும். அதற்கு மேல் போனால் கயாக் ஆட்டத்தில் எதுவும் நிற்காது. இருவர் கயாக்கில் பின்னால் இருப்பவர் திசை பார்க்கட்டும், முன்னால் இருப்பவர் வானம் பார்க்கட்டும். லைஃப் ஜாக்கெட்டைக் கழற்றவே கூடாது. ட்ரோன் கொண்டுவராதீர்கள், விமான நிலையத்தைச் சுற்றி அதற்குத் தடை. மீன் கழிவைக் கரையில் போடாதீர்கள். பருந்துக் கூட்டம் சேரும், விமானம் தாழ்வாக வரும் இடத்தில் அது பறவைக்கும் ஆபத்து, பயணிகளுக்கும் ஆபத்து.

தென்மேற்குப் பருவமழையில் ஆறு பெருகி ஓடும்போது வேண்டாம். டிசம்பர், ஜனவரியில் வாருங்கள். அப்போது வலசை வந்திருக்கும் விரால் அடிப்பான் என்ற மீன்பிடிப் பறவையையும் பார்க்கலாம். பிடித்த மீனின் தலை முன்னால் வரும்படி திருப்பிப் பிடித்துக்கொண்டுதான் அது பறக்கும். அப்படிப் பிடித்தால் காற்றின் தடை குறைகிறது.