உயிரோடு இருக்கும்போதே வரட்டும் விருது

மதிப்பிற்குரிய நடுவர் ஐயா அவர்களே, எதிரணியில் அமர்ந்திருக்கும் அண்ணன்மார்களே, வழக்கறிஞர் தங்கையே, காரைக்குடியிலிருந்தும் கோட்டையூர், கானாடுகாத்தான், பள்ளத்தூர் பக்கமிருந்தும் வந்திருக்கும் ஆச்சிமார்களே, பெரியோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

'இணையத்தில் முற்போக்கு அரசியல் எழுதுவோருக்கும் போராடுவோருக்கும் மாநில அளவில் விருது: தேவையா, தேவையற்றதா?' இதில் தேவை என்று பேச வந்திருக்கிறேன்.

எனக்கு முன் பேசிய பேராசிரியர் அண்ணன் ஒரு கேள்வியைப் போட்டார். அரங்கமே கைதட்டியது. "பாரதிக்கு எந்த விருது கிடைத்தது? விருது இல்லாமலே அவன் எழுதவில்லையா?" என்றார். அண்ணனே, இந்தக் கேள்வியை நீங்கள் வேறு எந்த ஊரில் கேட்டிருந்தாலும் நான் பொறுத்துக்கொண்டிருப்பேன். 1919இல் பாரதி வந்து நின்ற ஊர் இது. கையில் தடியோடு அவர் நிற்கும் புகைப்படம் இதே காரைக்குடியில் எடுத்தது. அடுத்த ஆண்டு அவர் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். தன் எழுத்துகளையெல்லாம் 40 நூல்களாக அச்சிடப் போவதாகவும், அதற்குக் கடனாகப் பணம் தரும்படியும் கேட்டார். பணம் வரவில்லை. நூல்களும் வரவில்லை. 1921 செப்டம்பரில், 39 வயது நிறையும் முன்பே போய்விட்டார். பிறகு மணிமண்டபம் வந்தது, சிலைகள் வந்தன, அவர் பெயரில் விருதுகளும் வந்தன. விருது இல்லாமல் அவர் எழுதினார் என்பது அவருடைய பெருமை. விருது இல்லாமல் அவரை எழுதவிட்டோம் என்பதை நாம் எப்படிப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியும்?

நான் இன்று சொல்ல வந்தது ஒன்றுதான். தனியாக நின்று பேசுகிற மனிதனை, அவன் உயிரோடு இருக்கும்போதே ஊரறியச் செய்ய வேண்டும். அதற்குத்தான் விருது கேட்கிறேன். சால்வைக்காகவும் கேடயத்துக்காகவும் கேட்கவில்லை.

இங்கிருந்து புதுக்கோட்டை போகிற வழியில்தான் திருமயம் இருக்கிறது. அங்கே ஜகபர் அலி என்ற மனிதர் சட்டவிரோதக் கல்குவாரிகளை எதிர்த்து மனு மேல் மனு கொடுத்தார், வெளிப்படையாகப் பேசினார். 2025 ஜனவரி 17 அன்று இருசக்கர வாகனத்தில் போய்க்கொண்டிருந்தவர் மீது லாரி மோதியது. முதலில் அதை விபத்து என்றார்கள். பிறகு அது கொலை வழக்காக மாறியது. குவாரி உரிமையாளர்கள் கைதானார்கள், வழக்கு சிபிசிஐடியிடம் போனது. அவரை இணைய எழுத்தாளர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அவர் கொல்லப்பட்ட பிறகு அவர் பெயரும் முகமும் தமிழ்நாட்டில் கைப்பேசி வைத்திருந்த அத்தனை பேரிடமும் போய்ச் சேர்ந்தன. அந்தப் பொங்கலுக்கு முன்னால் அவரை எத்தனை பேருக்குத் தெரியும்? இந்த அரங்கில் எத்தனை பேருக்குத் தெரியும்? பக்கத்து ஊர்தானே!

விருது கொடுத்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நான் சொல்ல மாட்டேன். அப்படிச் சொல்வது அந்த மரணத்தை என் வாதத்துக்குப் பயன்படுத்துவது ஆகும். ஒன்றை மட்டும் சொல்கிறேன். யாருக்கும் தெரியாத மனிதனின் சாவை விபத்து என்று எழுதி முடித்துவிடுவது எளிது. மாநிலமே அறிந்த மனிதனின் சாவை அப்படி எழுதக் கை கூசும், பேனா தயங்கும்.

வழக்கறிஞர் தங்கை இங்கே ஒரு மறுப்பு சொன்னார். பத்திரிகையாளர் கௌரி லங்கேஷை நாடே அறியும், இருந்தும் 2017 செப்டம்பர் 5 அன்று பெங்களூரில் அவரை வீட்டு வாசலிலேயே சுட்டார்களே, புகழ் காப்பாற்றியதா என்று கேட்டார். காப்பாற்றவில்லை, தங்கை. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நாடு முழுவதும் மக்கள் தெருவுக்கு வந்தார்கள். சிறப்புப் புலனாய்வுக் குழு அமைந்தது, கைதுகள் நடந்தன. பெயர் தெரிந்தவருக்கே இவ்வளவு போராட வேண்டியிருந்தது என்றால், பெயர் தெரியாதவரின் கதி என்ன? பன்னாட்டு விருது ஒன்று கௌரிக்கு அவர் இறந்த பிறகு வந்தது. அது ஏன் அதற்கு முந்தைய ஆண்டு வரவில்லை என்பதுதான் என் கேள்வி.

"கைப்பேசியில் தட்டிக்கொண்டிருப்பதெல்லாம் போராட்டமா, களத்துக்கு வருகிறவனல்லவா போராளி?" என்று இன்னொருவர் கேட்டார். திருப்புவனத்தை நினைத்துப் பாருங்கள். நம் சிவகங்கை மாவட்டம்தான். 2025 ஜூன் மாதம் மடப்புரம் கோயில் காவலாளி ஒருவர், நகைத் திருட்டுப் புகார் விசாரணையில், காவலர்கள் அடித்ததில் இறந்துபோனார். அவர் அடிபடுவதை ஒருவர் மறைந்திருந்து கைப்பேசியில் பதிவு செய்தார். சில நொடிக் காட்சி. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை வரை அது போனது, காவலர்கள் கைதானார்கள், வழக்கு சிபிஐக்கு மாறியது. களம் எது, கைப்பேசி எது என்று அங்கே பிரித்துச் சொல்ல முடியுமா? அந்தக் காட்சியைப் பதிவு செய்தவர் பிறகு தன் உயிருக்கே பாதுகாப்பு கேட்க வேண்டியிருந்தது. அவரை மேடையேற்றி, இவர் எங்கள் பிள்ளை என்று இந்தச் சீமை சொல்லியிருக்க வேண்டாமா?

எழுதுகிறவர்கள் மீது வழக்குப் பாய்வது புதிதுமல்ல, ஒரு கட்சி ஆட்சியோடு நின்றதுமல்ல. 2012இல் அன்றைய மத்திய அமைச்சர் ஒருவரின் மகனைப் பற்றி ட்விட்டரில் எழுதியதற்காகப் புதுச்சேரியில் ஒரு சிறுதொழில் முனைவரைக் கைது செய்தார்கள். 2015இல் டாஸ்மாக்கை எதிர்த்துப் பாடிய பாடகர் கோவன் மீது தேசத்துரோக வழக்கு. 2017இல் நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு குடும்பம் தீக்குளித்ததை ஒட்டிக் கேலிச்சித்திரம் வரைந்த பாலா கைது. இணையத்தில் புண்படுத்தும்படி எழுதினார் என்று ஒருவரைச் சிறையில் தள்ள இடம் தந்த, தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவை 2015 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. அதன் பிறகும் அதே பிரிவில் வழக்குகள் பதிவாகி வந்தன. 2021இல் உச்ச நீதிமன்றமே அதைக் கேட்டு அதிர்ச்சி அடைந்தது. செத்துப்போன சட்டத்தை வைத்தே உயிருள்ள மனிதர்களை அலைக்கழிக்க முடிகிறது என்றால், அவர்களுக்குப் பக்கத்தில் யாராவது நிற்க வேண்டாமா?

இப்போது எதிரணியின் வலுவான வாதத்துக்கு வருகிறேன். விருது வாங்கினால் பேனா வளையும் என்றார்கள். இதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். அரசு கொடுத்தால் வளையக்கூடும். கட்சி கொடுத்தால் வளையக்கூடும். பத்திரிகையாளர்களுக்கு நம் மாநில அரசு கலைஞர் எழுதுகோல் விருது தருகிறது, 5 லட்சம் ரூபாய். தரட்டும், அதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் அரசைக் கேள்வி கேட்பவனுக்கு அரசே விருது கொடுப்பதை நான் கேட்கவில்லை. வாசிக்கிறவர்கள் கொடுக்க வேண்டும். அமெரிக்காவில் 2000களின் தொடக்கத்தில் இடதுசாரிச் சார்போடு இணையத்தில் எழுதியவர்களுக்குக் கௌஃபாக்ஸ் விருது என்று ஒன்று இருந்தது. பெயர் ஒரு இடது கைப் பேஸ்பால் வீரருடையது. வாசகர்களே பரிந்துரைத்து, வாசகர்களே வாக்களித்தார்கள். அமைச்சர் இல்லை, பெருநிறுவனம் இல்லை. இங்கே அது முடியாதா? வட்டிக் கணக்கைக் காசு பிசகாமல் எழுதி, கடல் கடந்து கடை நடத்திய ஊருக்கு, நன்கொடைக் கணக்கை ஊரறிய வைக்கத் தெரியாதா?

அதோடு, அண்ணன்மார்களே, வாங்கிய விருதுக்கு ஒரு வலிமை உண்டு. அதைத் திருப்பிக் கொடுக்கலாம். 2015 ஆகஸ்ட் 30 அன்று கர்நாடகத்தின் தார்வாடில் கன்னட அறிஞர் கல்புர்கி சுட்டுக் கொல்லப்பட்டார். அவர் சாகித்திய அகாதெமி விருது பெற்றவர். அகாதெமி வாய் திறக்கத் தயங்கியபோது, உதய் பிரகாஷ் தொடங்கி, நயன்தாரா சாகல் உட்பட எத்தனையோ எழுத்தாளர்கள் தங்கள் விருதுகளைத் திருப்பிக் கொடுத்தார்கள். நாடு முழுவதும் அதைப் பேசியது. கடைசியில் அகாதெமியும் கூடிக் கண்டனத் தீர்மானம் போட்டது. வளைந்த பேனாக்களா அவை? திருப்பிக் கொடுக்க அவர்கள் கையில் ஒன்று இருந்தது. இணையத்தில் எழுதும் நம் பிள்ளைகளின் கையில் திருப்பிக் கொடுக்க என்ன இருக்கிறது? முதல் தகவல் அறிக்கையின் நகல்தான் இருக்கிறது.

யார் முற்போக்கு என்று யார் தீர்மானிப்பது என்றும் கேட்டீர்கள். இந்த ஊரில் அதற்கு அளவுகோல் தேடி அலைய வேண்டாம். 1930களில் இங்கே சொ. முருகப்பாவும் மரகதவல்லி அம்மையாரும் கைம்பெண் மறுமணத்துக்கென்று சங்கம் வைத்தார்கள், 'மாதர் மறுமணம்' என்று பத்திரிகையே நடத்தினார்கள். கைம்பெண்ணை மணந்து காட்டிவிட்டுத்தான் முருகப்பா எழுதினார். ஆச்சிமார்களே, அந்தக் காலத்தில் நம் வீடுகளில் ஒரு கைம்பெண்ணின் வாழ்வு எப்படி இருந்தது என்று உங்கள் பாட்டிமார் சொல்லிக் கேட்டிருப்பீர்கள். வீட்டின் உள்முற்றமான அந்த வளவுக்குள் உட்கார்ந்திருந்தவளுக்காக எவன் எழுதினானோ, அவன் முற்போக்கு. இன்று யாருக்குக் குரல் இல்லையோ, அவர் பக்கம் நிற்கிறானா என்று பாருங்கள். பொய் எழுதினானா, பெண்களை இழிவுபடுத்தினானா என்பதையும் பாருங்கள். இரண்டில் ஒன்று செய்தவனுக்கு விருது இல்லை. எவ்வளவு பேர் பின்தொடர்ந்தாலும் இல்லை.

இன்னொன்றும் சொல்லியாக வேண்டும், நடுவர் ஐயா மணியடிக்கும் முன். கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். விளம்பரப் பலகை எழுதும் ஓவியர். மற்றவர்கள் தூக்கிப் போட்ட பத்திரிகைகளையும் துண்டறிக்கைகளையும் சேர்த்துச் சேர்த்து வைத்தார். ஏறத்தாழ ஒரு லட்சம். 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கி, சென்னையிலேயே நூலகமாக்க வழி செய்தது. அவர் சேர்க்காமல் விட்டிருந்தால், சென்ற நூற்றாண்டில் தமிழர்கள் எதற்காகச் சண்டை போட்டார்கள் என்பதற்கே பாதிச் சான்று இருக்காது. துண்டறிக்கையாவது பரணில் கிடந்தது. இணையத்தில் எழுதியது ஒரே உத்தரவில் முடங்கும், கணக்கை நீக்கினால் அழியும், கட்டணம் கட்டாவிட்டால் காணாமல் போகும். ஆகவே என் அணி கேட்கும் விருதில், தேர்வான எழுத்துகள் ஆண்டுதோறும் தாளில் அச்சாக வேண்டும். ஒவ்வொரு மாவட்ட நூலகத்துக்கும் ஒரு படி போக வேண்டும். இருபது ஆண்டு கழித்து யாராவது ஆட்சேபித்தால் எடுத்துக் காட்ட அது இருக்கும்.

பரிசுத் தொகையின் ஒரு பகுதி வழக்கறிஞர் கட்டணத்துக்கென்று தனியாக இருக்கட்டும். தங்கை கேட்ட பாதுகாப்பு அதில் அடங்கும். விழாவைச் சென்னையில் வைக்க வேண்டாம். விருது பெறுகிறவர் எந்த ஊரோ அந்த ஊர்ச் சாவடியில், அவருக்கு எதிராக மனுப் போட்டவர்களும் பார்க்கும்படி வைக்க வேண்டும். பெயர் சொல்ல முடியாத நிலையில் இருப்பவர்களுக்கு, பெயர் சொல்லாமலே தொகை போய்ச் சேரட்டும். இந்த விதிகளை எழுதித்தான் கொண்டுவந்திருக்கிறேன். நடுவர் ஐயா அனுமதித்தால் எதிரணித் தலைவரிடமே கொடுக்கிறேன். எந்த விதியில் பேனா வளைகிறது என்று அவர் அடுத்த சுற்றில் சொல்லட்டும். நன்றி, வணக்கம்.