காட்டுப் பள்ளி: தருமபுரி, கிருஷ்ணகிரி ஏரிக்கரைகளில் நடத்துவது எப்படி?

[காட்சி: ஏரிக்கரைப் புளியந்தோப்பு. பிள்ளைகள் வரிசையாக நடந்து வருகிறார்கள்.]

குரல்: காட்டுப் பள்ளி என்று இன்று பேசப்படும் கல்விமுறையை, ஆண்டுக்கொரு முறை ஒகேனக்கலுக்கோ கிருஷ்ணகிரி அணைக்கோ போய்வரும் பள்ளிச் சுற்றுலாவோடு சேர்த்து எண்ணிவிடக் கூடாது. அதே பிள்ளைகள், அதே ஆசிரியருடன், அதே மரத்தடிக்கு, வாரம் ஒரு முறையாவது பல மாதங்கள் தொடர்ந்து போவதுதான் இதன் அடிப்படை. அங்கே என்ன செய்வது என்பதைப் பெரும்பாலும் பிள்ளைகளே முடிவு செய்கிறார்கள்; ஆசிரியர் கவனிக்கிறார், கேட்டால் உதவுகிறார், ஆபத்து என்றால் மட்டும் தடுக்கிறார்.

[காட்சி: ஐரோப்பிய வரைபடம்.]

குரல்: 1950களில் டென்மார்க்கில் மழலையர் பள்ளிகள் சில இப்படி வெளியே நடக்கத் தொடங்கின. ஜெர்மனியின் வீஸ்பாடன் நகரில் 1968இல் ஒரு வன மழலையர் பள்ளி பிறந்தது. 1993இல் இங்கிலாந்தின் பிரிட்ஜ்வாட்டர் கல்லூரியிலிருந்து ஒரு குழு டென்மார்க் சென்று இதைக் கண்டு திரும்பிய பிறகு, அந்நாட்டிலும் பரவியது.

[காட்சி: புளியங்கிளை, பிஞ்சும் பழமும்.]

குரல்: ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போவதால் என்ன கிடைக்கும்? ஆடியில் பிஞ்சாகப் பார்த்த புளி மாசியில் ஓடு நொறுங்கும் பழமாவதை, ஆவணியில் வறண்டிருந்த ஓடை ஐப்பசி மழைக்குப் பிறகு ஓடுவதை, முதல் வாரம் எறும்புக்கு அஞ்சிய குழந்தை சில வாரங்களில் அதன் வழியைத் தானே பின்தொடர்வதை, ஒரு நாள் சுற்றுலாவில் காண முடியாது. மேலைநாட்டுப் பள்ளிகள் கத்தியால் குச்சி சீவவும் கயிற்றில் முடிச்சுப் போடவும் பிள்ளைகளுக்குப் படிப்படியாகச் சொல்லித் தருகின்றன. நம் ஊரில் ஆடு மேய்த்து வளரும் பிள்ளைகள் இதில் பல ஆசிரியர்களையே மிஞ்சுவார்கள் என்பதால், அவர்களைக் கற்பிக்கும் இடத்தில் நிறுத்துவதே பொருத்தம். கண்ணுக்கும் பயனுண்டு: சீனாவின் குவாங்சோ நகரப் பள்ளிகளில், முதல் வகுப்புப் பிள்ளைகளை நாள்தோறும் கூடுதலாக 40 நிமிடம் வெளியே விட்டதில், மூன்றாண்டுகளில் கிட்டப்பார்வை வந்தவர்கள் 30.4 விழுக்காடு, வழக்கம்போல் நடந்த பள்ளிகளில் 39.5 விழுக்காடு. இந்த ஆய்வு 2015இல் வெளியானது.

[காட்சி: தேன்கனிக்கோட்டைப் பகுதி மலைகள்.]

குரல்: பெயரில் காடு இருக்கிறதே என்று அஞ்செட்டி, தளி, ஜவளகிரி வனங்களுக்குள் பிள்ளைகளை அழைத்துச் செல்லக் கூடாது. கேழ்வரகு முற்றும் பருவத்தில் அப்பகுதிகளில் யானைகளின் நடமாட்டம் மிகும். 2014இல் அறிவிக்கப்பட்ட காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயத்துக்குள் நுழைய வனத்துறையின் அனுமதி வேண்டும். காப்புக்காட்டில் தீ மூட்டுவது குற்றம். பள்ளியிலிருந்து நடந்து போகும் தூரத்திலுள்ள ஏரிக்கரையோ, மாந்தோப்போ, கோயில் தோப்போ போதும். ஏரிக்கரைக்கு ஊராட்சியிடமும், தோப்புக்கு உரிமையாளரிடமும் முன்கூட்டியே ஒப்புதல் பெற வேண்டும்.

[காட்சி: ஆசிரியர் தரையைப் பார்த்தபடி நடக்கிறார்.]

குரல்: பிள்ளைகள் வரும் முன் ஆசிரியர் இடத்தைச் சுற்றிவர வேண்டும். இவ்விரு மாவட்டங்களிலும் முதலில் தேட வேண்டியது, கைப்பிடிச்சுவர் இல்லாத பாசனக் கிணறு. அது கண்ணில் பட்டால் அந்த இடத்தையே விட்டுவிடுவது நல்லது. கயிறு கட்டிச் சமாளிக்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். ஏரி நிரம்பியிருக்கும் மாதங்களில் நீரோரத்தைத் தவிர்க்க வேண்டும். பட்ட கிளைகள், தேன்கூடு, தேங்காய் விழும் தென்னையடி ஆகியவையும் கவனத்துக்கு உரியவை. சுருட்டை விரியன் கல்லடியில் கிடக்கும் என்பதால், எந்தக் கல்லையும் கையால் புரட்டக் கூடாது என்பதும், காலணி இல்லாமல் வரக் கூடாது என்பதும் கண்டிப்பான விதிகள். பாம்பு கடித்தால் இறுகக் கட்டவோ கீறவோ கூடாது. அசையாமல் வைத்து, 108ஐ அழைத்து, அரசு மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும்.

[காட்சி: மேகம் திரள்கிறது.]

குரல்: இங்குள்ள சித்திரை, வைகாசி வெயிலில் இதைத் தொடங்க வேண்டாம், பள்ளி திறந்த பின், காலை நேரத்தில், ஒரு மணி நேரத்துடன் தொடங்கி மெல்ல நீட்டலாம். சாரலுக்குத் திரும்பி ஓடத் தேவையில்லை, மாற்றுடை இருந்தால் போதும். இடி கேட்டால் மட்டும் மரத்தடியில் ஒதுங்காமல் உடனே வகுப்பறைக்குத் திரும்பிவிட வேண்டும்.