மதுப் பீப்பாயில் விழுந்த சில்லறையால் பிழைத்த அணி: ஹிரோஷிமா கார்ப்

[திரையில்: சிவப்புத் தொப்பி அணிந்த ரசிகர் கூட்டம்]

வணக்கம். தங்கள் பேஸ்பால் அணியான கார்ப் கலைக்கப்படவிருக்கிறது என்று தெரிந்ததும், மைதான வாசலில் பெரிய மதுப் பீப்பாய்களை வைத்து, அவற்றில் மக்கள் போட்ட சில்லறையைக் கொண்டே அந்த அணியைக் காப்பாற்றிக்கொண்ட ஊர் ஹிரோஷிமா. பெங்களூரில் உட்கார்ந்து தமிழில் பேஸ்பால் பேசினால் தமிழர்கள் நிறைந்த அல்சூரில்கூட யாரும் பார்க்கமாட்டார்கள் என்றார்கள் நண்பர்கள். 'ஈ சாலா கப் நம்தே' (இந்த ஆண்டு கோப்பை நமதே) என்று ஆண்டுதோறும் சொல்லிக்கொண்டிருந்த ஊருக்கா இந்தக் கதை புரியாது?

விதிகளை விரைவாகக் கடந்துவிடுவோம். பந்தை எறிபவர் பிட்சர், அடிப்பவர் பேட்டர். ஜப்பானில் இரண்டு லீக்குகள் உள்ளன. இரண்டிலிருந்தும் தலா ஓர் அணி ஜப்பான் தொடரில் மோதும். இன்றைக்கு இவ்வளவு போதும்.

[திரையில்: 1950]

அணுகுண்டு விழுந்து ஐந்து ஆண்டுகள்கூட நிறைவடையாத நிலையில், 1950 இல் ஹிரோஷிமா கார்ப் தன் முதல் லீக் ஆட்டத்தை ஆடியது. மற்ற அணிகளில் பலவற்றுக்குப் பின்னால் செய்தித்தாள் நிறுவனமோ ரயில் நிறுவனமோ நின்றபோது, கார்ப்புக்குப் பின்னால் அப்படிப்பட்ட முதலாளி எவரும் இல்லை. அந்த ஆண்டு 41 ஆட்டங்களில் வென்று 96 இல் தோற்றுக் கடைசி இடம் பிடித்தது; ஆட்டக்காரர்களின் சம்பளமும் தள்ளித்தள்ளிப் போயிற்று. 1951 இல் அணியைக் கலைக்கலாமா, வேறொன்றுடன் இணைக்கலாமா என்ற பேச்சு எழுந்தபோது, அதே ஊரில் பிறந்தவரான மேலாளர் இஷிமோதோ ஷூயிச்சி, ஊர் ஊராகச் சென்று பேசி, ஆதரவாளர் சங்கங்களைத் திரட்டினார். பீப்பாய்கள் வாசலுக்கு வந்தது அப்போதுதான். தன் வீட்டையே மீண்டும் கட்டிக்கொண்டிருந்த ஒருவர், பேஸ்பால் அணிக்காகவும் பையில் கையை விட்டார் என்பதை நான் இந்தக் கதையின் மற்ற எல்லா வெற்றிகளுக்கும் மேலாக வைப்பேன்.

இதைவிடச் சுவையான செய்தி ஒன்று உண்டு. கார்ப் கடைசியில் நின்ற 1950 இல் அதே லீக்கை வென்ற ஷோச்சிகு ராபின்ஸ், இரண்டே ஆண்டுகளில் கடைசி இடத்துக்குச் சரிந்து, பின்னர் வேறோர் அணியுடன் இணைந்து மறைந்துபோனது. ஏழை அணி இன்றும் ஆடிக்கொண்டிருக்கிறது.

நம்மூர் அணியை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஐபிஎல் கிரிக்கெட்டில் ஆடும் ஆர்சிபி, அதாவது ராயல் சேலஞ்சர்ஸ், தன் பெயரையே ஒரு மது வகையிலிருந்து எடுத்துக்கொண்டது. ஆகவே மதுவுக்கு இரண்டு அணிகளுமே கடன்பட்டவை. ஆர்சிபி முதல் கோப்பைக்குப் பதினெட்டு பருவங்கள் காத்திருந்தது என்றால், கார்ப் முதல் லீக் பட்டத்துக்கு 1975 வரை காத்திருந்தது. 1991 இல் வென்ற பிறகு அடுத்த பட்டத்துக்கு 2016 வரை, அதாவது மறுபடியும் இருபத்தைந்து ஆண்டுகள். 2025 இறுதி ஆட்டத்தில் ஆர்சிபிக்காகக் களமிறங்கிய கர்நாடகத்துக்காரர் மயங்க் அகர்வால் ஒருவர்தான். அவரும் காயமடைந்த தேவ்தத் படிக்கலுக்குப் பதிலாக வந்தவர். கோபப்பட்டு எழுதவிருப்பவர்கள் கீழே தாராளமாக எழுதலாம், ஆனால் வீடியோவை முழுவதும் பார்த்துவிட்டு எழுதுங்கள்.

[திரையில்: எண் 3, எண் 8]

ஆட்டக்காரர்களை வாங்கப் பணமில்லாத அணி அவர்களை வளர்த்தாக வேண்டும். எட்டாம் எண்ணை அணிந்த யாமமோதோ கோஜி ஹிரோஷிமாவிலேயே பிறந்து 536 ஹோம் ரன்கள் (கிரிக்கெட்டின் சிக்சர் போன்றவை) அடித்தவர். மூன்றாம் எண்காரரான கினுகாசா சாச்சியோ கியோட்டோவில் பிறந்தவர் என்றாலும், பள்ளிப் படிப்பை முடித்ததும் 1965 இல் கார்ப்புக்கு வந்து, ஓய்வு பெறும்வரை வேறு அணிக்கே போகவில்லை. 1970 முதல் 1987 வரை ஓர் ஆட்டத்தையும் தவறவிடாமல் தொடர்ச்சியாக 2,215 ஆட்டங்கள் ஆடினார். 1979 இல் பந்து பட்டுத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. மறுநாளே மட்டையுடன் வந்து மூன்று முறை முழு வேகத்தில் வீசி, மூன்றும் தவறி ஆட்டமிழந்தார். முதல் வீச்சு ரசிகர்களுக்கு, இரண்டாவது தனக்கு, மூன்றாவது பந்தெறிந்த நிஷிமோதோவுக்கு என்று பிறகு சொன்னார். காயப்படுத்தியவர் குற்றவுணர்ச்சியில் வாடக்கூடாது என்ற இந்தப் பெருந்தன்மை எனக்குச் சாதனை எண்ணைவிடப் பெரிதாகத் தெரிகிறது.

இந்த இருவரின் காலத்தில்தான் 1979, 1980, 1984 ஆகிய ஆண்டுகளின் ஜப்பான் தொடர்கள் கைக்கு வந்தன.

பிறகு போதிய ஆண்டுகள் ஆடிய ஆட்டக்காரர்கள் விரும்பிய அணிக்குப் போகலாம் என்ற விதி 1993 இல் வந்ததும், வளர்த்தவர்கள் பணக்கார அணிகளுக்குப் போகத் தொடங்கினார்கள். ஹிரோஷிமாவில் பிறந்த அராய் தகாஹிரோ 2007 பருவம் முடிந்ததும் அழுதுகொண்டே ஹன்ஷின் டைகர்ஸ் அணிக்குப் போனார். அதே குளிர்காலத்தில் பிட்சர் குரோதா ஹிரோகி அமெரிக்காவுக்குப் போனார். இருவருமே 2015 இல் திரும்பினார்கள். குரோதா அமெரிக்காவில் தனக்குக் காத்திருந்த பல மடங்கு சம்பளத்தை விட்டுவிட்டு வந்தார். 2016 இல் கார்ப் லீக்கை வென்றது. 39 வயது அராய் அந்த ஆண்டின் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வானார், 41 வயது குரோதா அத்தோடு ஓய்வு பெற்றார். 2017, 2018 ஆண்டுகளிலும் லீக் கார்ப்புக்கே கிடைத்தது. ஜப்பான் தொடர் மட்டும் இந்த மூன்று ஆண்டுகளிலும் கை நழுவியது. 2023 பருவத்திலிருந்து மேலாளர் நாற்காலியில் அமர்ந்தவர், முன்பு அழுதுகொண்டே போன அதே அராய்.