40 விநாடித் தாமதம்

நேயர்களுக்கு வணக்கம்.

அமெரிக்க அதிபராக இருந்த ஜார்ஜ் டபிள்யூ. புஷ்ஷைப் பற்றி அவர் நாட்டில் இப்போது பலர் கனிவாகப் பேசுகிறார்கள். ஓய்வில் ஓவியம் வரைகிறார், போரில் காயம்பட்ட வீரர்களைச் சந்திக்கிறார். எய்ட்ஸ் நோயாளிகளுக்கு மருந்து கிடைக்க அவர் 2003இல் தொடங்கிய திட்டம், ஆப்பிரிக்காவில் லட்சக்கணக்கான உயிர்களைக் காத்தது. அதை மறைத்துப் பேசுவது நியாயமே இல்லை. ஆனால் அதே 2003 மார்ச் மாதத்தில் நடந்த வேறொன்றும் அவர் கணக்கில்தான் சேரும்.

அந்த மாதம் பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் காலித் ஷேக் முகமது பிடிபட்டார். 2001 செப்டம்பர் 11 அன்று ஏறக்குறைய 3,000 பேரைக் கொன்ற தாக்குதலைத் திட்டமிட்டவர். அவர் மேல் எனக்கு இரக்கம் கிடையாது. அமெரிக்க உளவு நிறுவனமான சி.ஐ.ஏ. அவரை ரகசியச் சிறைக்குக் கொண்டுபோய், அந்த ஒரே மாதத்தில் 183 தடவை வாட்டர்போர்டிங் செய்தது. ஆளைச் சாய்வான பலகையில் கட்டி, முகத்தைத் துணியால் மூடி, அதன்மேல் தண்ணீர் ஊற்றுவார்கள். மூழ்கிச் சாகிறவனைப் போல மூச்சு முட்டும்.

அரசு இதற்கு வைத்த பெயர் ‘மேம்பட்ட விசாரணை முறைகள்’. உறுப்பு செயலிழக்கும் அளவுக்கோ உயிர் போகும் அளவுக்கோ வலித்தால்தான் சித்திரவதை என்று, 2002 ஆகஸ்டில் நீதி அமைச்சக வழக்கறிஞர்கள் எழுதியே கொடுத்துவிட்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, கைதிகளைத் தண்ணீரால் வதைத்த ஜப்பானிய வீரர்களைத் தண்டித்த நாடு இது. என்னை மிகவும் உறுத்துவது இந்தக் காகிதம்தான்.

சரி, ‘அடி உதவுவதுபோல் அண்ணன் தம்பி உதவமாட்டான்’ என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அடிக்காமல் உண்மை வருமா என்று கேட்கத் தோன்றும். வந்தது. 2002 மார்ச்சில், அல்-கய்தா ஆள் என்று கருதப்பட்ட அபு சுபைதா குண்டடிபட்டுப் பிடிபட்டபோது, அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் அதிகாரி அலி சூஃபான் அவருடைய காயத்தைக் கவனித்துக்கொண்டே பேச்சுக் கொடுத்தார். செப்டம்பர் 11 தாக்குதலின் சூத்திரதாரி காலித் ஷேக் முகமது என்பது அந்தப் பேச்சில்தான் வெளிவந்தது. அப்புறம் சூஃபான் போன்றவர்களை ஒதுக்கிவிட்டு, ஆகஸ்டில் அபு சுபைதா மேல் 83 தடவை தண்ணீர் ஊற்றினார்கள்.

2014 டிசம்பரில், அமெரிக்க நாடாளுமன்றத்தின் மேலவையான செனட்டின் உளவுத்துறைக் குழு, இந்த விசாரணைகளைப் பற்றிய தன் அறிக்கையின் சுருக்கத்தை வெளியிட்டது. சி.ஐ.ஏ. பிடித்து வைத்திருந்த 119 பேரில் குறைந்தது 26 பேரை வைத்திருக்கவே முகாந்திரம் இல்லை என்றது அது. குல் ரஹ்மான் என்பவரை ஆப்கானிஸ்தானில் அரைகுறை ஆடையோடு தரையில் சங்கிலியால் பிணைத்துப் போட்டிருந்தார்கள். குளிரில் விறைத்தே இறந்துபோனார். துணை அதிபராக இருந்த டிக் செனி அசரவில்லை, மறுபடியும் செய்வேன் என்றார். புஷ்ஷும் தன் அனுமதியை நியாயப்படுத்தியே எழுதியிருக்கிறார். ஆனால் அவர்களுடைய கட்சிக்காரரான ஜான் மெக்கெய்ன் செனட்டில் எழுந்து அறிக்கையை ஆதரித்தார். வியட்நாமில் ஐந்து வருடத்துக்கு மேல் சிறையில் வதைபட்டவர் அவர். வலி நிற்பதற்காக மனிதன் எதையும் சொல்வான் என்பது அவர் உடம்பால் அறிந்தது.

2009இல் ஒபாமா இந்த முறைகளைத் தடை செய்தார். ஆனால் உத்தரவிட்டவர்கள் ஒருவரும் கூண்டில் ஏறவில்லை.

பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்காகத்தான் இவ்வளவும் செய்ததாகச் சொன்னார்கள். அந்தக் குடும்பங்களுக்கு என்ன கிடைத்தது? காலித் ஷேக் முகமது மீதான வழக்கு 2012 முதல், கியூபாவில் உள்ள அமெரிக்கத் தளமான குவாண்டனாமோவின் ராணுவ நீதிமன்றத்தில் இழுத்துக்கொண்டே போகிறது. எந்த வாக்குமூலத்தை எடுத்தாலும் அதற்கு முன்னால் சித்திரவதை வந்து நிற்கிறது. உடன் குற்றம்சாட்டப்பட்ட ஒருவரின் வாக்குமூலத்தை, இதே காரணத்துக்காக 2025 ஏப்ரலில் நீதிபதி தள்ளுபடி செய்தார்.

கொல்லப்பட்டவர்களின் உறவினர்கள் விமானம் ஏறி அந்த நீதிமன்றத்துக்கு வருகிறார்கள். கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கலாம். உள்ளே பேசுவது அவர்களுக்கு 40 விநாடி தாமதமாகத்தான் கேட்கும். ரகசியச் சிறைகளைப் பற்றி யாராவது வாய் தவறிச் சொல்லிவிட்டால், ஒலியை அதற்குள் துண்டித்துவிடுவதற்காக.