டன்னுக்கு எத்தனை காரட், சித்தப்பா?

வணக்கம். போன மாதம் ஒரு சனிக்கிழமை காலை, டிகாஷன்கூட இறங்கவில்லை, சித்தப்பாவிடமிருந்து போன். "ஏம்ப்பா, நீ அந்த வடக்குப் பக்கமெல்லாம் வேலை பார்த்தவன்தானே, அங்கே ஒரு சின்ன கம்பெனி வைரம் கிடைச்சிருக்குன்னு அறிவிச்சிருக்காம், பங்கு நாலு காசுக்கு விக்குது, வாங்கலாமா?" என்றார். அவருக்குப் போனில் சொன்ன பதிலைத்தான், கொஞ்சம் விரித்து, இன்று உங்களிடமும் சொல்லப்போகிறேன்.

சித்தப்பா சொன்ன வடக்கு, கனடாவின் வடமேற்கு ஆட்புலம். யெல்லோநைஃப் ஊரிலிருந்து வடகிழக்கே ஏறக்குறைய 300 கிலோமீட்டர் பறந்தால் லாக் டி கிரா என்ற ஏரி வரும். அந்த பிரெஞ்சுப் பெயருக்குக் கொழுப்பு ஏரி என்று பொருள். அங்குள்ள பூர்வகுடிகளான ட்லிச்சோ மக்கள் தங்கள் மொழியில் சொல்லும் எகாட்டி என்ற பெயருக்கும் அதே பொருள்தான், அங்குள்ள வெள்ளைக் குவார்ட்ஸ் கோடுகள் கரிபூ மானின் கொழுப்பு மாதிரி தெரியுமாம். மரம் கிடையாது. பாறை, பாசி, தண்ணீர், மறுபடி பாறை, அவ்வளவுதான்.

அந்த இடத்தில் வைரம் இருக்கும் என்று 1980 வரைக்கும் யாரும் பெரிதாக நம்பவில்லை. சக் ஃபிப்கி, ஸ்டூவர்ட் பிளசன் என்ற இரண்டு நிலவியலாளர்கள் நம்பினார்கள். அவர்கள் தேடியது வைரத்தை அல்ல என்பதுதான் இதில் ருசியான விஷயம். வைரம் பூமிக்குள் 150 கிலோமீட்டருக்கும் கீழே உருவாகி, கிம்பர்லைட் என்ற எரிமலைப் பாறையோடு குழாய் மாதிரி மேலே வருவது. அந்தப் பாறையோடு வைரத்தைவிடப் பல்லாயிரம் மடங்கு அதிகமாக வேறு சில கனிமங்களும் வரும்: பைரோப் என்ற சிவப்புக் கல், பாட்டில் பச்சையில் குரோம் டயாப்சைடு, கறுப்பாக இல்மனைட். பைரோப் வேறு யாருமில்லை, நம் நவரத்தினத்தில் இருக்கும் கோமேதகத்துக்கு ஒன்றுவிட்ட தங்கைதான். பனியுகத்தில் பனிப்பாறைகள் கிழக்கிலிருந்து மேற்கே நகர்ந்தபோது குழாய்களின் தலையைச் சுரண்டி இந்த மணிகளை நூற்றுக்கணக்கான கிலோமீட்டருக்கு இறைத்துக்கொண்டே போயின. மேற்கே மெக்கன்சி ஆற்றுப் பக்கம் அந்த மணிகளைப் பிடித்த இருவரும், சாக்கு ஓட்டையில் சிந்திய அரிசியைப் பார்த்து வண்டி வந்த வழியைக் கண்டுபிடிக்கிற மாதிரி, கிழக்கு நோக்கிப் பத்து வருடம் மண் அள்ளிச் சலித்துக்கொண்டே போனார்கள்.

நானும் ஒரு கோடை முழுக்க அந்த வேலை பார்த்தேன். வாளி, மண்வெட்டி, சல்லடை, தோளில் இருபது கிலோ ஈர மண். கொசுவாவது பரவாயில்லை, கருப்பு ஈ என்று ஒன்று இருக்கிறது, காதுக்குப் பின்னால் தோலைக் கடித்துக் கிழித்துவிட்டுப் போகும், ராத்திரி தலையணையில் ரத்தப் புள்ளி இருக்கும். அப்புறம் அந்த மண்ணைக் கழுவி, மிஞ்சும் கனமான மணலை நுண்ணோக்கியில் வைத்து ஒவ்வொரு மணியாக ஊசியால் நகர்த்தி நகர்த்திப் பார்க்க வேண்டும். முதல் வாரமே சிவப்பாக ஒன்றைக் கண்டு துள்ளினேன். பக்கத்தில் இருந்த பெரியவர் எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தார்: "தம்பி, இது பழுப்புச் சிவப்பு, எல்லாப் பாறையிலும் கிடக்கிற சாதாரண சாதி. நமக்கு வேண்டியது ஊதா கலந்தது." குரோமியம் கூடுதலாகவும் கால்சியம் குறைவாகவும் இருக்கும் அந்த ஊதா ரகம்தான் வைரத்தோடு சேர்ந்து வருகிற ரகம் என்பதைத் தென்னாப்பிரிக்காவின் ஜான் கர்னி என்ற நிலவியலாளர் ஏற்கெனவே காட்டியிருந்தார். அடுத்து ஒன்று உண்மையாகவே கிடைத்தது, நாவல்பழம் தின்ற நாக்கு மாதிரி நிறம். அரை மில்லிமீட்டர்கூட இல்லை.

சரி, கதைக்கு வருகிறேன். கிம்பர்லைட் சுற்றியுள்ள கிரானைட்டைவிட மெத்தென்ற பாறை, பனி அதைக் குடைந்த குழியில் தண்ணீர் தேங்கிவிடும், அதனால் குழாய்கள் பெரும்பாலும் குட்டி ஏரிகளுக்கு அடியில் ஒளிந்திருக்கும். அப்படி ஒரு ஏரியான பாயின்ட் லேக்கின் அடியில் 1991இல் துளையிட்டார்கள். 59 கிலோ பாறையில் 81 வைரத் துணுக்குகள். நவம்பரில் அறிவிப்பு வந்ததும் ஊரே வடக்கே ஓடியது. ஹெலிகாப்டரில் போய்ப் பனிக்குள் முளை அடித்து, இது என் நிலம் என்றார்கள். 1994 வசந்தத்தில், லாக் டி கிராவின் பனி உருகத் தொடங்கிவிட்ட நேரத்தில், ஐரா தாமஸ் என்ற இருபதுகளில் இருந்த பெண் நிலவியலாளரின் குழு கடைசி நேரத்தில் துளையிட்டு உருவியெடுத்த பாறைத் தண்டில் 2 காரட் வைரம் வெறும் கண்ணுக்கே தெரிந்தது. அதுதான் பின்னால் டயாவிக் சுரங்கம்.

இங்கேதான் சித்தப்பாவை நிறுத்தினேன். 1998இல் எகாட்டி சுரங்கம் திறந்தபோது முதலில் தோண்டியது, உலகத்தையே ஓடவைத்த அந்தப் பாயின்ட் லேக் குழாயை அல்ல. பக்கத்தில் பிறகு கண்ட பாண்டா என்ற குழாயைத்தான். வைரம் இருப்பது ஒன்று, தோண்டினால் கட்டுப்படியாகும் வைரம் இருப்பது வேறொன்று. அந்தப் பிரதேசத்தில் நூற்றுக்கணக்கான கிம்பர்லைட்டுகள் கிடைத்திருக்கின்றன. வடமேற்கு ஆட்புலத்தில் சுரங்கமாக எழுந்தவை நான்கு: எகாட்டி, டயாவிக், ஸ்னாப் லேக், கச்சோ குவே. அதில் ஸ்னாப் லேக் 2008இல் திறந்து 2015இலேயே மூடியாயிற்று. நல்ல வளமான டயாவிக்கிலேயே ஒரு டன் பாறைக்கு மூன்று நான்கு காரட்தான். ஒரு காரட் 0.2 கிராம். ஆக ஒரு டன்னை உடைத்து அரைத்தால் ஒரு கிராம்கூடத் தேறாது.

அந்த ஒரு கிராமுக்காக டீசல், சிமென்ட், டயர், முட்டை எல்லாம் எப்படிப் போகிறது என்று நினைக்கிறீர்கள்? உறைந்த ஏரிகளின் மேல். ஜனவரிக் கடைசியிலிருந்து இரண்டு மாதம் சொச்சம் திறந்திருக்கும் பனிப்பாதை, பெரும்பகுதி தண்ணீர் மேல்தான். சுமை லாரிக்கு மணிக்கு 25 கிலோமீட்டர்தான் வேகம், அதற்கு மேல் போனால் பனிக்கு அடியில் தண்ணீர் அலையாக எழும்பி முன்னால் இருக்கும் பனியை உடைத்துவிடும். லாரிக்காரர்கள் பனி முனகுவதைக் கேட்டுக்கொண்டே ஓட்டுவார்கள். முனகினால் நல்லதாம், சத்தமே இல்லையென்றால்தான் பயமாம். 2006இல் குளிர் ஏமாற்றிவிட்டது, பாதை சீக்கிரமே மூடியது, மிச்சச் சரக்கை விமானத்தில் தூக்க வேண்டியதாயிற்று. பூமி சூடாகச் சூடாக இந்தக் கணக்கு இன்னும் மோசமாகும். போதாததற்கு ஆய்வகத்தில் வளர்த்த வைரம் சந்தைக்கு வந்து விலையைக் கீழே இழுக்கிறது.

இன்னொன்றையும் விட்டுவிட முடியாது. அந்த வழியாக வலசை போகும் பாதர்ஸ்ட் கரிபூ மந்தை 1980களின் நடுவில் நாலரை லட்சத்துக்கு மேல் இருந்தது, 2018 கணக்கெடுப்பில் சுமார் 8,200. பழி முழுவதும் சுரங்கத்தின் மேல் என்று நான் சொல்லமாட்டேன், காரணங்கள் பல. ஆனால் அந்த மானை நம்பி வாழ்ந்த மக்களின் பிள்ளைகள் இப்போது அதே சுரங்கத்தில் இரண்டு வாரம் வேலை, இரண்டு வாரம் வீடு என்று சம்பளம் வாங்குகிறார்கள். அதில் ஒருவர் என்னோடு கூடாரத்தில் தங்கியிருந்தார். தாத்தா மான் பார்த்த மேட்டில் நின்று நான் லாரி எண்ணுகிறேன் என்பார். கோபமாகச் சொல்வாரா வேடிக்கையாகச் சொல்வாரா, கடைசிவரை எனக்குப் புரியவில்லை.

அப்படியானால் வடக்கில் இனி ஒன்றும் இல்லையா என்றால், இருக்கிறது. அங்குள்ள நிலத்தட்டு பழசு, கெட்டி, வைரத்துக்குப் பிடித்தது. உலகின் மிகப் பழைய பாறைகளில் ஒன்றான, 400 கோடி ஆண்டு வயதுள்ள அக்காஸ்டா பாறை அங்கேதான் கிடக்கிறது. கண்டுபிடிக்காத குழாய் கட்டாயம் இருக்கும். 2018இல் டயாவிக்கில் 552 காரட்டில் ஒரு மஞ்சள் வைரம் கிடைத்ததே, கோழிமுட்டை அளவு. ஆனால் 2026ஐக் கடைசி ஆண்டாக வைத்துத் திட்டமிட்ட சுரங்கம் அது, அதன் இடத்தில் நிற்க அதே தரத்தில் புதுக் குழாய் ஒன்றும் கண்ணில் படவில்லை.

இவ்வளவையும் சொல்லிவிட்டு, "சித்தப்பா, டன்னுக்கு எத்தனை காரட், காரட் என்ன விலை, பாதையிலிருந்து எவ்வளவு தூரம், இந்த மூன்றையும் அந்த அறிவிப்பில் தேடிப் பாருங்கள்" என்றேன். கொஞ்ச நேரம் காகிதம் புரளும் சத்தம். "வைரம்னு ஆறு இடத்துல போட்டிருக்கான்ப்பா, டன்னுன்னு ஒரு இடத்துலயும் காணோம்" என்றார்.