அரிட்டாபட்டியில் ஓடலாம் வாங்க: ஏழு மலை, ஒரு சுற்று

வணக்கம் மக்களே. மதுரையிலிருந்து மேலூர் ரோட்டில் வந்து இடது கைப்பக்கம் உள்ளே திரும்பினால் அரிட்டாபட்டி. மணி ஆறு ஆகப் போகிறது. பின்னால் கறுப்பாகத் தெரிவது கழிஞ்சமலை. வெளிச்சம் இன்னும் சரியாக வரவில்லை, படம் கொஞ்சம் மங்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

"அக்கா, மதுரைப் பக்கம் ட்ரெயில் ரன்னிங் எங்கே போகலாம்?" என்று நிறையப் பேர் கேட்கிறீர்கள். தார் ரோட்டை விட்டு மண் பாதையிலும் மலைப்பாதையிலும் ஓடுவதைத்தான் ட்ரெயில் ரன்னிங் என்கிறோம். ரேஸ்கோர்ஸில் சுற்றி அலுத்துப்போனவர்கள், வண்டியூர் கண்மாய்க் கரையில் ஓடி அலுத்துப்போனவர்கள். மலை என்று சொன்னதும் எல்லாருக்கும் உச்சிதான் ஞாபகம் வருகிறது. ஏறு, கையை விரித்து நின்று போட்டோ எடு, இறங்கு. அது நம் ஊர் மலைகளுக்கு ஒத்துவராது. இங்கே பாதி மலை மொட்டைக் கருங்கல். காலையில் பனி விழுந்த பாறையில் எந்த ஷூவும் பிடிக்காது, மேலே போனால் நடைதான், ஓட்டம் கிடையாது. ஓட வேண்டுமென்றால் அடிவாரம். கிரிவலம் என்று காலங்காலமாகச் செய்துவருகிறோமே, அதே கணக்குதான். மலையை வலது கைப்பக்கம் விட்டுச் சுற்றி வாருங்கள். மண் பாதை, கண்மாய்க் கரை, புஞ்சைக்காட்டு வரப்பு, மறுபடி மண் பாதை. மூச்சு வாங்க ஓடலாம்.

இந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 2022 நவம்பரில் தமிழ்நாடு அரசு அரிட்டாபட்டி, மீனாட்சிபுரம் இரண்டு ஊர்களையும் சேர்த்து 193 ஹெக்டேர் நிலத்தைப் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவித்தது. தமிழ்நாட்டில் இதுதான் முதல். கழிஞ்சமலையையும் சேர்த்து ஏழு சிறு குன்றுகள். 72 ஏரிகள், 200 ஊற்றுகள், 3 தடுப்பணைகள் என்று அந்த அறிவிப்பிலேயே கணக்குப் போட்டிருக்கிறார்கள். 72 ஏரி என்றதும் கடல் மாதிரி நினைத்துவிடாதீர்கள். பல குட்டைதான். ஆனால் ஒன்று நிரம்பி வழிந்து அடுத்ததுக்குப் போகும். குன்றில் விழுகிற மழை பாறையில் தங்காது, அப்படியே வழிந்து இறங்கும், அதைக் கீழே பிடித்து வைக்கத்தான் இத்தனை ஏரி. அந்த வரிசையைப் பிடித்துக்கொண்டு ஓடினால் வழி தப்பவே தப்பாது. கரைமேலேயே போங்கள், மடை வரும், மிச்சத் தண்ணீர் வழிந்து போகிற கலுங்கு வரும், அப்புறம் அடுத்த கரை.

சரி, ஓட ஆரம்பிக்கிறேன். கேமராவைக் கையில்தான் பிடித்திருக்கிறேன், ஆடும்.

முதல் ஒரு கிலோமீட்டர் செம்மண் வண்டிப் பாதை. இரண்டு சக்கரத் தடம், நடுவில் புல். நடுவில் ஓடாதீர்கள், நெருஞ்சி இருக்கும். நெருஞ்சியாவது ஷூவுக்கு அடியில் ஒட்டிக்கொள்ளும், தட்டிவிட்டால் போய்விடும். உண்மையான வில்லன் சீமைக்கருவேலம். இதோ, கீழே கிடக்கிறதே, கிட்டே காட்டுகிறேன். காய்ந்து வெள்ளை வெளேரென்று இருக்கிறது, என் சுண்டுவிரல் நீளம். இப்படிக் கிளையோடு கிடந்து, நாம் மிதித்தால் முள் நேராக நிமிரும். ஷூவின் அடி ரப்பரையும் பஞ்சையும் தாண்டி உள்ளே வந்துவிடும். பிடுங்கினால் பாதிதான் வரும், நுனி உள்ளேயே ஒடிந்து நிற்கும், அது குத்துகிறது என்பது அரை கிலோமீட்டர் கழித்துத்தான் தெரியும். அதனால் மெத்து மெத்தென்று இருக்கிற ரோட்டு ஷூ இங்கே வேண்டாம். அடியில் பல் வைத்த, கொஞ்சம் கெட்டியான ஷூ போதும், விலை ஏறியதாக இருக்க வேண்டும் என்று அவசியம் இல்லை. பையில் ஒரு சின்ன முள்வாங்கி போட்டுக்கொள்ளுங்கள். ஓடும்போது தெம்புக்குச் சாப்பிடுகிற ஜெல் பாக்கெட்டைவிட அது முக்கியம்.

இது ஆனைகொண்டான் ஏரிக் கரை. பாண்டியர் காலத்து ஏரி என்கிறார்கள். பாருங்கள், கரை உயரமாக, அகலமாக, ஓடுவதற்கென்றே போட்ட மாதிரி இருக்கிறது. வடகிழக்குப் பருவமழை முடிந்து, மார்கழி தையில் வந்தால் ஒரு பக்கம் தண்ணீர், இன்னொரு பக்கம் பச்சை வயல். கரையில் போகும்போது நீர்ப்பக்கச் சரிவில் இறங்காதீர்கள். கல் பதித்திருக்கிற இடத்தில் பாசி இருக்கும். எதிரே மாடு வந்தால் நீங்கள் நின்றுவிடுங்கள், மாட்டுக்கு வழி விடுங்கள். இது அதன் ரோடு.

இங்கே ஒன்று கவனியுங்கள். பாதை மூன்றாகப் பிரிகிறது. கூகுள் மேப்பில் மூன்றும் கிடையாது. எதில் போவது? தரையைப் பாருங்கள். இடது பக்கம் குறுகலாக, புதருக்கடியில் குனிந்து போகிறதே, அது ஆட்டுத்தடம். ஆடு தழை இருக்கிற வரை போகும், அப்புறம் பாதை காணாமல் போய்விடும். வலது பக்கம் குளம்படி ஆழமாகப் பதிந்திருக்கிறது, அது மாட்டுத்தடம், தண்ணீருக்குத்தான் போகும். நடுவில் மண் இறுகி, வழவழவென்று தேய்ந்து இருக்கிறதா? அது மனிதர் நடந்த தடம். ஒன்று கோயிலுக்குப் போகும், இல்லையென்றால் ஊருக்குப் போகும். எதுவானாலும் நமக்கு நல்லது.

நடுவில் போகலாம். கோயிலுக்குத்தான் வந்து சேர்ந்தோம். குன்றில் குடைந்த சிவன் கோயில், ஊரில் இடைச்சி மண்டபம் என்பார்கள். பாண்டியர் காலத்துக் குடைவரை. வெளியே ஒரு பக்கம் பிள்ளையார், இன்னொரு பக்கம் சிவனின் அவதாரம் என்று சொல்லப்படுகிற லகுலீசர். லகுலீசர் சிற்பத்தைத் தமிழ்நாட்டில் அவ்வளவு சுலபமாகப் பார்க்க முடியாது. ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் கிட்டே போக வேண்டும், அப்படியே முள்ளையும் பார்த்துக்கொள்ளலாம். கழிஞ்சமலையில் சமணர் படுக்கையும் இருக்கிறது. அதன் மேல் தமிழின் பழைய எழுத்தான தமிழ் பிராமியில் ஒரு கல்வெட்டு, 2000 வருடத்துக்கு மேல் பழையது. குகையைக் குடைந்து கொடுத்தவர் யார் என்று பெயர் வெட்டியிருக்கிறார்கள். நம் ஆட்கள் சிலர் பக்கத்திலேயே தங்கள் பெயரையும் ஹார்ட்டின் போட்டு எழுதி வைத்திருக்கிறார்கள். என்னத்தைச் சொல்ல.

இதுக்கு மேலே ஏறலாமா என்று கேட்பீர்கள். நான் ஏறுவதில்லை. காரணம் அந்தப் பாறைச் சரிவில் இருக்கிறது, வெள்ளைக் கறை மாதிரி வழிந்திருக்கிறதே, அது பறவை எச்சம். லக்கர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, ராசாளிப் பருந்து என்று மூன்று வேட்டைப் பறவைகளும் இந்தக் குன்றுகளில் உண்டு. மொத்தம் 250 வகைப் பறவை இருப்பதாகப் பதிவு, அதில் இந்த மூன்றும்தான் இந்த இடத்துக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தவை. மார்கழியிலிருந்து பங்குனி வரை பாறை விளிம்பில் கூடு வைத்திருக்கும் காலம். நாம் மேலே நின்று சத்தம் போட்டால் தாய்ப்பறவை எழுந்து வட்டமடிக்கும். அது வட்டமடிக்கிற நேரம் முழுக்க முட்டை வெயிலில் கிடக்கும். சூடான பாறையில் முட்டை எவ்வளவு நேரம் தாங்கும்? ட்ரோன் அதைவிட மோசம், தன் இடத்துக்கு வந்த இன்னொரு பறவை என்று நினைத்து வல்லூறு அதைத் தாக்க வரும். கீழே சுற்றுகிற நம்மால் அவற்றுக்குத் தொந்தரவு இல்லை. அண்ணாந்து பார்த்தால் நமக்கும் நன்றாகத் தெரியும்.

ஊர்க்காரர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். சற்று முன்னால் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு அப்பத்தா என்னை நிறுத்தி, "ஏத்தா, என்னத்த அளக்குற கையில கட்டிக்கிட்டு?" என்று கேட்டார். என் கையில் இருந்தது ஓட்டத்துக்கான ஜிபிஎஸ் வாட்ச். சிரித்துவிட்டுப் போகிற கேள்வி இல்லை இது. 2024 நவம்பரில் இந்தப் பக்கம் டங்ஸ்டன் சுரங்கம் வருகிறது என்று செய்தி வந்தபோது, ஏலம் விட்ட பரப்பு 2000 ஹெக்டேருக்கு மேல். அதில் இந்தத் தலமும் ஒரு பகுதி. 2025 ஜனவரியில் நரசிங்கம்பட்டியிலிருந்து மதுரை தல்லாகுளம் வரை ஆயிரக்கணக்கான பேர் ஊர்வலமாக வந்தார்கள். அதே மாதம் 23ஆம் தேதி மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. அப்படிப் பாடுபட்ட ஊரில், தெரியாத ஆள் கையில் கருவியோடும் கேமராவோடும் மலையைச் சுற்றினால் கேட்கத்தானே செய்வார்கள்? அதனால் வந்ததும் முதலில் டீக்கடையில் நின்று, யார், எங்கிருந்து, எதற்கு என்று சொல்லிவிடுங்கள். நான் வாட்சைக் கழற்றி அப்பத்தாவிடம் கொடுத்தேன். என் நாடித்துடிப்பைப் பார்த்துவிட்டு, "இம்புட்டு அடிக்குது, உக்காரு செத்த நேரம்" என்றார்.

பெண்கள் தனியாக வரலாமா என்று கேட்பவர்களுக்கும் அதுதான் பதில். ஊருக்குத் தெரிந்து ஓடுங்கள். ஆடு மாடு மேய்க்கிற நேரத்தில் வந்தால் பாதை முழுக்க ஆள் இருக்கும். விடியுமுன் இருட்டில் ஹெட்லைட் கட்டிக்கொண்டு வருவதை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். தேவாங்கு, எறும்புத்தின்னி, மலைப்பாம்பு எல்லாம் இருக்கிற இடம், இரவு அவற்றின் நேரம். நாய் துரத்தினால் ஓடாமல் நில்லுங்கள், நடங்கள், அதற்குச் சலித்துவிடும்.

எவ்வளவு தூரம்? எந்தக் கரையில் திரும்புகிறீர்கள் என்பதைப் பொறுத்து ஆறு கிலோமீட்டரும் ஆகும், பத்தும் ஆகும். ஏற்றம் அதிகம் இல்லை. மலைப்போட்டிக்குத் தயாராகிறவர்கள் ஒரு கணக்கு வைத்துக்கொள்வார்கள்: 100 மீட்டர் ஏற்றத்தை ஒரு கிலோமீட்டராகக் கூட்டிக்கொள்ள வேண்டும். 10 கிலோமீட்டர் ஓடி 400 மீட்டர் ஏறினால் அது 14க்குச் சமம். அந்தக் கணக்கில் அரிட்டாபட்டி சாதா. ஏற்றம்தான் வேண்டும் என்றால் அழகர்கோயில் அடிவாரத்திலிருந்து பழமுதிர்சோலை போகிற மலைரோடு இருக்கிறது, மூன்று கிலோமீட்டர் விடாத ஏற்றம், தார் ரோடுதான், ஆனால் மர நிழல். கையில் தின்பண்டம் இருந்தால் குரங்கு வாங்கிக்கொள்ளும். கீழக்குயில்குடி சமணர் மலையில் தாமரைக் குளம், ஆலமரம், பேச்சிப்பள்ளம் வரை படி, எல்லாம் அருமை. ஆனால் அது தொல்லியல் துறையின் இடம், படியில் குதித்து ஓடுகிற பழக்கத்தை வேறு எங்காவது வைத்துக்கொள்ளுங்கள்.

சிறுமலையில் ஓடுகிறேன், மேகமலையில் ஓடுகிறேன் என்று கிளம்புகிறவர்களுக்கு: வேண்டாம். சிறுமலைக் காட்டில் காட்டுமாடு உண்டு, வளைவில் நீங்கள் ஓடி வந்து அதன் முன்னால் நின்றால் அது யோசிக்காது. ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலை 2021லிருந்து புலிகள் காப்பகம். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் போவதே குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணியில் காட்டுத்தீயில் 23 பேர் இறந்தது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். காய்ந்த புல்லில் பிடித்த தீ மேட்டை நோக்கி ஏறும்போது மேலே இருக்கிற புல்லைச் சுட்டுக் காயவைத்துக்கொண்டே வரும், அதனால் ஏற ஏற வேகம் கூடும். எவ்வளவு பயிற்சி எடுத்த காலாக இருந்தாலும் அதை முந்த முடியாது. அப்படிப்பட்ட காட்டைப் பார்க்க வேண்டுமென்றால் வனத்துறையே 2024 அக்டோபரில் ஆரம்பித்த மலையேற்றத் திட்டம் இருக்கிறது, 40 பாதைகள். ஆன்லைனில் பதிவு செய்தால் உள்ளூர் வழிகாட்டியோடு போகலாம். நமக்குப் பக்கத்தில் குட்லாடம்பட்டிப் பக்கம் தாடகை மலைப் பாதை, கொடைக்கானலில் வட்டக்கானலிலிருந்து வெள்ளகவி. தீக்காலத்தில் மூடிவிடுவார்கள், பார்த்துக்கொண்டு கிளம்புங்கள். அங்கே நடை மட்டும்தான், ஓட்டம் இல்லை. வெள்ளகவி ஊருக்குள் ஆட்கள் செருப்பே போடுவதில்லை, நம் ஷூவையும் கழற்றிக் கையில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

வெயில் ஏறுகிறது. எட்டரைக்குள் முடித்துவிட வேண்டும். சாயங்காலம் வரலாமே என்பார்கள். பகல் முழுக்கச் சூடு வாங்கின கருங்கல் சாயங்காலம்தான் அதை வெளியே விடும், ஏழு மணிக்கும் அனல் அடிக்கும். சித்திரை வைகாசியில் வரவே வேண்டாம். மற்ற மாதத்திலும் ஆளுக்கு ஒரு லிட்டராவது தண்ணீர், அதில் உப்புச் சர்க்கரைக் கரைசல் பாக்கெட் ஒன்று. ஊற்றுத் தண்ணீரைக் குடித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டாதீர்கள்.

அடிவாரச் சுற்றின் ஜிபிஎக்ஸ் தடத்தை, அதாவது போனிலோ வாட்சிலோ ஏற்றிப் பார்த்துக்கொண்டே போகிற வழித்தட ஃபைலை, கீழே போட்டிருக்கிறேன். குன்றுமேல் போகிற வழியைப் போடவில்லை, கேட்டாலும் தர மாட்டேன். வண்டி இல்லாதவர்கள் மாட்டுத்தாவணியில் மேலூர் பஸ் ஏறி, உள்ளே வர டவுன் பஸ் நேரத்தை மேலூரில் விசாரித்துக்கொள்ளுங்கள். அடிக்கடி கிடையாது. அடுத்தது நாகமலை அடிவாரம், பல்கலைக்கழகம் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்று இருக்கிறேன். அங்கே ஓடுகிறவர்கள் யாராவது இருந்தால் எந்தப் பக்கம் முள் குறைவு என்று மட்டும் சொல்லிவையுங்கள்.