வைரஸ் வந்தது, மாத்திரையைக் குறைத்தார்கள்

வணக்கம். இரண்டு வாரமாக வீடியோ போடவில்லை. காரணம் இந்தப் பேப்பர்தான். பி.கே. வைரஸ் ரத்தத்தில் இருக்கிறதா, எவ்வளவு என்று பார்க்கும் பி.சி.ஆர். டெஸ்டின் ரிசல்ட். அம்மா கொடுத்த கிட்னியைப் பொருத்தி ஐந்தாவது மாதம், ரத்தத்தில் வைரஸ் இருக்கிறது என்று வந்துவிட்டது. டாக்டர் புது மாத்திரை எதுவும் எழுதவில்லை. இருந்ததில் ஒன்றைப் பாதியாகக் குறைத்தார். சித்தி ஃபோனில், "எல்லாருக்கும் வைரஸ் வந்தா மருந்து குடுப்பாங்க, உனக்கு மட்டும் ஏன்டா புடுங்குறாங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

இதோ என் டப்பா. டாக்ரோலிமஸ், மைக்கோஃபினோலேட், ஸ்டீராய்டு. மூன்றுமே எதிர்ப்புச் சக்தியை அடக்கி வைக்கிற மருந்துகள். அடக்காவிட்டால் அம்மாவின் கிட்னியை என் உடம்பு அந்நியமாக நினைத்துத் தாக்கும். அதைத்தான் ரிஜெக்‌ஷன் என்பார்கள். ரொம்ப அடக்கினால், தூங்கிக்கொண்டிருக்கும் வைரஸ் எழுந்துகொள்ளும். பி.கே. சின்ன வயதிலேயே பெரும்பாலானவர்களைத் தொற்றி, சிறுநீரகத்திலும் சிறுநீர்ப் பாதையிலும் சத்தமில்லாமல் தங்கிவிடுகிற ஆள். உங்களிடமும் இருக்கலாம், பயப்படாதீர்கள்.

1971-இல் லண்டனில், கிட்னி மாற்றிக்கொண்ட சூடான் நாட்டுக்காரர் ஒருவரின் சிறுநீரில்தான் இதை முதலில் பார்த்தார்கள். அவர் பெயரின் முதலெழுத்துகள்தான் பி.கே. இத்தனை வருடம் ஆகியும் இதைக் கொல்லும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து கிடையாது. லெவோஃப்ளாக்சசின் என்கிற ஆன்டிபயாட்டிக் கொடுத்தால் தடுக்கலாமோ என்று ஆய்வு செய்து பார்த்தார்கள், பலன் இல்லை. சிடோஃபோவிர் என்று ஒன்று உண்டு, அது கிட்னியையே கெடுக்கக்கூடியது. ஆக, உடம்பின் சொந்தப் படையைக் கொஞ்சம் அவிழ்த்துவிடுவதுதான் வைத்தியம். எனக்கு முதலில் மைக்கோஃபினோலேட் பாதி. வைரஸ் இறங்காவிட்டால் டாக்ரோலிமஸ் அளவையும் குறைப்பார்களாம்.

இதில் வேடிக்கை என்னவென்றால், எனக்குக் காய்ச்சல் இல்லை, வலி இல்லை. கிட்னி வேலை குறைந்தால் ரத்தத்தில் ஏறுகிற கிரியாட்டினின் மட்டும் 1.2-இலிருந்து 1.6 ஆனது. ஊரில் ஒரு கிளினிக்கில் காட்டினேன். "ரிஜெக்‌ஷன்தான், ஸ்டீராய்டு ஊசி போட்டுடலாம்" என்றார்கள். நல்லவேளை, போட்டுக்கொள்ளாமல் என் டாக்டரைப் பார்க்க பஸ் ஏறிவிட்டேன். ஏன் நல்லவேளை என்கிறேன் என்றால், ரிஜெக்‌ஷனும் பி.கே.யும் கிட்னிக்குள் செய்கிற சேதம் மைக்ராஸ்கோப்பில் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தெரியுமாம். வைத்தியமோ நேர் எதிர். ஒன்றுக்கு எதிர்ப்புச் சக்தியை இன்னும் அடக்க வேண்டும், மற்றதற்கு விட்டுக்கொடுக்க வேண்டும். மாற்றிச் செய்தால் எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றின கதை. அதனால் பயாப்ஸி, அதாவது ஊசியால் கிட்னியிலிருந்து சின்னத் துண்டு சதை எடுத்து, எஸ்.வி.40 என்கிற சாயச் சோதனை செய்தார்கள். வைரஸ் புகுந்த செல்களின் உட்கரு அதில் நிறம் மாறித் தெரியும். எனக்குத் தெரிந்தது. ஊசி குத்தின பிறகு ஒரு நாள் முழுக்க அசையாமல் படுத்திருந்தது தனிக் கொடுமை.

அப்புறம், "வால்கான்சைக்ளோவிர்தான் ஏற்கெனவே போடுகிறாயே, அது கேட்காதா?" என்று நண்பர் கேட்டார். கேட்காது. அது சைட்டோமெகாலோ வைரஸுக்கானது. அந்த வைரஸுக்கு மருந்து இருக்கிறது, அதனால்தான் வருவதற்கு முன்னாலேயே மாதக்கணக்கில் கொடுக்கிறார்கள். கொடுத்தவரிடம் அந்த வைரஸ் இருந்து, வாங்கியவரிடம் இல்லாவிட்டால்தான் ஆபத்து அதிகம். அவர்களுக்கு ஆறு மாதம்கூடக் கொடுப்பது உண்டு. வெள்ளை அணுக்களை அது இறக்கிவிடும், எனக்கும் இறக்கியது. ஆகவே ரத்த அணுக்களை எண்ணும் சி.பி.சி. டெஸ்டைத் தள்ளிப்போடாதீர்கள்.

சரி, குறைக்கச் சொன்னார்கள் என்றதும் நீங்களாகவே குறைத்துவிடாதீர்கள். கை மீறினால் நிஜமாகவே ரிஜெக்‌ஷன் வந்துவிடும். எனக்கு இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பி.சி.ஆர்., கூடவே கிரியாட்டினின். ரத்தத்தில் டாக்ரோலிமஸ் அளவு பார்க்கும் நாளில் காலை மாத்திரையைப் போடாமல் போய் ரத்தம் கொடுக்க வேண்டும். நான் ஒரு தடவை பழக்கதோஷத்தில் விழுங்கிவிட்டுப் போய், அளவு எகிறி, ஆளுக்கு ஆள் பதறி, மறுபடியும் குத்தினார்கள்.

வியாழக்கிழமை அடுத்த டெஸ்ட். வைரஸ் முழுசாகப் போக மாதக்கணக்கு ஆகலாம் என்று டாக்டர் முன்பே சொல்லிவிட்டார். சித்திக்கு இந்த லிங்க்கை அனுப்பப் போகிறேன்.